பருத்தியிலும் பட்டிலும் இரட்டை இழை

பருத்திக்கொட்டை ஒன்றை எடுத்து, மேலோட்டை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மிளகுப்பொடி தூவினாற்போல அதில் கரும்புள்ளிகள் நிறைந்திருக்கக் காணலாம். பருத்தி விளைவிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. இலையையும் தண்டையும் உற்று நோக்கினாலும் இத்தகைய புள்ளிகள் தென்படும். காஸிபால் என்னும் நச்சுப்பொருள் தேங்கியிருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகளே அவை. பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் எதிராகப் பருத்திச்செடி தனக்குத்தானே அமைத்துக்கொண்ட வேலி அது.

வேலி செடிக்கு நன்மை. விதையை உண்போர்க்கோ இடையூறு. ஒரு கிலோ பஞ்சு விளையும்போது ஏறத்தாழ 1.65 கிலோ விதையும் உடன் விளைகிறது. அவ்விதையில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட பங்கு எண்ணெய். ஏறக்குறைய அதே அளவு புரதம். எண்ணெயைச் சுத்திகரித்து உண்கிறோம். பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறோம். அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் காஸிபாலின் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்து வலுவிழந்துவிடுவதால், வளர்ந்த மாடுகள் அளவோடு உண்டால் தீங்கில்லை. இளங்கன்றுக்கு ஆகாது, கோழிக்கும் பன்றிக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயை உணவில் சேர்த்த சீன நாட்டுக் கிராமங்களில் ஆடவர்க்கு மலட்டுத்தன்மை ஏற்பட்டதைக் கண்டுதான், இப்பொருளைக் கருத்தடை மருந்தாக்கலாமா என்றுகூட அங்கே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்துப் பின்னர்க் கைவிட்டனர்.

மதுரைப் பக்கத்தில் பருத்திப்பால் காய்ச்சிக் குடிக்கிறார்களே, அவர்களுக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விதையை ஊறவைத்து, ஆட்டி, சக்கையை நீக்கி, வெல்லமும் சுக்கும் சேர்த்து நன்கு கொதிக்கவைத்துச் சிறிதளவு பருகுவது ஒன்று. சூடேறும்போது காஸிபாலில் ஒரு பகுதி புரதத்தோடு கட்டுண்டு அடங்கிவிடுகிறது. அவ்விதையையே மாவாக்கி நாள்தோறும் ரொட்டி சுட்டு வயிறார உண்பது முற்றிலும் வேறொன்று. உலகில் விளையும் பருத்தி விதையின் புரதம் முழுவதும் உணவாகப் பயன்படுமாயின், ஆண்டுக்கு ஐம்பது கோடி மக்களின் புரதத் தேவையை நிறைவு செய்யும் என்று 2006-இல் கணக்கிடப்பட்டது. அத்தனை உணவும் ஒரு சில கரும்புள்ளிகளின் பொருட்டு நமக்கு எட்டாமல் நிற்கிறது.

சுரப்பியே இல்லாத பருத்தியை வளர்த்தால் என்ன? இதுவும் முயன்று பார்க்கப்பட்ட வழிதான். 1950-களில் அமெரிக்காவில் மக்மைக்கேல் என்னும் ஆராய்ச்சியாளர், ஹோப்பி என்ற பழங்குடிகள் பயிரிட்டுவந்த பருத்தியிலிருந்து சுரப்பியற்ற வகையைப் பிரித்தெடுத்தார். விதையில் நஞ்சு இல்லை, இலையிலும் இல்லை. வயலில் விதைத்தபோது, வழக்கமாகப் பருத்தியைச் சீண்டாத பூச்சிகளும் வந்து மேய்ந்தன. வேலி முழுவதையும் பிடுங்கியெறிந்த தோட்டத்தின் கதியே அதற்கும் நேர்ந்தது. அப்பருத்தி உழவரிடையே நிலைபெறவில்லை.

ஆகவே, இலையிலும் தண்டிலும் வேலி இருக்கவேண்டும், விதையில் மட்டும் நஞ்சு இருத்தலாகாது என்ற நிலை வேண்டியிருந்தது. இதனை 2006-இல் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகத்தில் கீர்த்தி ரத்தோர் என்ற இந்திய வழியினரான விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் செய்து காட்டினர். அவர்கள் கையாண்ட கருவியின் பெயர் இரட்டை இழை ஆர்.என்.ஏ. இக்கட்டுரை அதனைப் பற்றியதே.

ஒற்றை இழையும் இரட்டை இழையும்

நூலோடு பழகிய நம்மவர்க்கு இப்பொருளை விளக்குதல் எளிது. உயிரணு ஒவ்வொன்றின் நடுவிலும் டி.என்.ஏ. என்னும் இரட்டை முறுக்கு நூல் இருக்கிறது. அது மூலப் படிவம். பட்டுச்சேலைக்கு உரிய புட்டா வடிவத்தைக் கட்டத் தாளில் வரைந்து, அத்தாளைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, அதைப் பார்த்துத் துளையிட்ட ஜக்கார்டு அட்டையையே தறியில் ஏற்றுகிறோம் அல்லவா? அந்த அட்டையைப் போன்றது ஆர்.என்.ஏ. மூலத்தைப் பார்த்து எழுதப்பட்ட நகல் அது. ஒற்றை இழையாகத் தறிக்கூடத்துக்கு வருகிறது. அதில் உள்ளபடி புரதம் நெய்யப்படுகிறது.

ஆர்.என்.ஏ. இழை நான்கே எழுத்துகளால் ஆனது. ஒவ்வோர் எழுத்துக்கும் இணையான எழுத்து ஒன்று உண்டு. ஓர் இழைக்கு நேர் இணையான மற்றோர் இழை எதிர்ப்பட்டால் இரண்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தி முறுக்கிக்கொள்ளும். இதுவே இரட்டை இழை ஆர்.என்.ஏ. நோயற்ற உயிரணுவில் நீளமான இரட்டை இழை தறிக்கூடத்தில் நடமாடுவது அரிது. ஆனால் வைரஸ்களிற் பெரும்பாலானவை தம்மைப் பெருக்கிக்கொள்ளும்போது, நகலும் எதிர்நகலுமாக எழுதியாகவேண்டியிருப்பதால், இரட்டை இழையை உண்டாக்காமல் இருக்க முடிவதில்லை. சில வைரஸ்களுக்கு மூலப் படிவமே இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான். ஜப்பானில் நெற்பயிரைக் குட்டையாக்கும் வைரஸ், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ், பட்டுப்புழுவின் குடலைத் தாக்கும் ஒரு வைரஸ் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை.

எனவே உயிரணுவைப் பொறுத்தவரை, நீண்ட இரட்டை இழை என்பது திருடனின் காலடித் தடம். அதைக் கண்டதும் செடியும் புழுவும் பூச்சியும் ஒருவிதமாகவும், நம் உடல் வேறுவிதமாகவும் கிளர்ந்தெழுகின்றன. இவ்வுண்மை தெரியவருவதற்கு நெடுங்காலம் பிடித்தது; தெரியவந்த வரலாறும் விசித்திரமானது.

வெளுத்துப்போன பூ

1990-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஜோர்கென்ஸன், கரோலின் நாபோலி ஆகியோர் பெட்டூனியா என்னும் பூச்செடியில் ஊதா நிறத்தை மேலும் ஆழமாக்க விரும்பினர். அந்நிறத்துக்குக் காரணமான மரபணுவில் இன்னொரு படியைச் செடிக்குள் செலுத்தினர். தொட்டியில் சாயத்தை இரட்டிப்பாக ஊற்றினால் நூல் கறுக்க வேண்டும். இங்கோ பல செடிகளில் பூ வெண்மையாக மலர்ந்தது! சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் பட்டை பட்டையாகக் கலந்திருந்தன. செலுத்திய மரபணு தானும் அடங்கி, முன்பே இருந்த மரபணுவையும் வாய்மூடச் செய்துவிட்டது. ஏன் என்று அன்று எவராலும் சொல்ல முடியவில்லை.

புழுக்களை ஆராய்ந்தோர்க்கும் இதுபோன்ற ஒரு புதிர் காத்திருந்தது. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருண்டைப்புழு ஒன்றில், மரபணுவின் நகலுக்கு இணையான எதிர் இழையைச் செலுத்தினால் அந்த மரபணு அடங்கும் என்று எதிர்பார்த்தனர். அவ்வாறே அடங்கியது. சரிபார்க்கும் பொருட்டு நகலையே செலுத்தியபோதும் அடங்கியது. 1995-இல் கோர்னெல் பல்கலைக் கழகத்தில் குவோவும் கெம்ஃப்யூஸும் இதைக் கண்டு எழுதிவைத்தனர். வலப்பக்கம் திருகினாலும் இடப்பக்கம் திருகினாலும் பூட்டு மூடிக்கொள்கிறதென்றால், மூடுவது திருகுதல் அன்று என்றுதானே கொள்ளவேண்டும்?

1998-இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோரும் அவர்களின் உடன் ஆராய்ச்சியாளர்களும் விடை கண்டனர். ஒற்றை இழையைத் தூய்மையாக எடுத்துத் தனியே செலுத்தியபோது பலன் மிகவும் சொற்பம். இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கிச் செலுத்தியபோது, தசைக்குரிய மரபணு அடங்கிப் புழுக்கள் வெட்டிவெட்டித் துடித்தன. முன்னவர்கள் செலுத்திய சரக்கில் அவர்கள் அறியாமலே இரட்டை இழை கலந்திருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். உயிரணு ஒன்றுக்குச் சில இழைகளே போதுமாயிருந்தன, ஓரிடத்தில் செலுத்தியது உடலெங்கும் பரவியது, குஞ்சுகளையும் சென்றடைந்தது. இரட்டை இழையை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்தாலும் போதும் என்பது அதே ஆண்டில் வெளிப்பட்டது. இவ்விருவர்க்கும் 2006-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் உள்ளே நடப்பது என்ன என்பதும் தெளிவாயிற்று. 1999-இல் இங்கிலாந்தில் ஹாமில்டனும் பால்கோமும், மரபணு அடங்கிய செடிகளில் மிகச்சிறிய ஆர்.என்.ஏ. துணுக்குகள் இருப்பதைக் கண்டனர். 2001-இல் அமெரிக்காவில் அத்துணுக்குகளை வெட்டும் நொதி அடையாளம் காணப்பட்டு ‘டைஸர்’ எனப் பெயர் பெற்றது. காய்கறியைச் சிறு துண்டங்களாக அரிபவன் என்பது அதன் பொருள். நீண்ட இரட்டை இழை அகப்பட்டதும் டைஸர் அதனை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக ஒரே அளவில் நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டின் முறுக்கும் அவிழ்க்கப்பட்டு, ஓர் இழை எறியப்படுகிறது. மற்றோர் இழையை ஆர்கோநாட் என்னும் புரதம் கையிற் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் அப்புரதம் அந்த மாதிரித் துண்டோடு தறிக்கூடமெங்கும் சுற்றி வந்து, அதற்குப் பொருந்தும் அட்டை எங்கே இருந்தாலும் அதனைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது. பெட்டியில் உள்ள கட்டத் தாளுக்கு எவ்விதச் சேதமும் இல்லை. அட்டைகள் போய்விட்டமையால் அந்தப் புட்டா மட்டும் சேலையில் விழுவதில்லை.

உழவர்கள் இம்முறையின் பலனைக் காரணம் அறியாமலே கண்டிருக்கின்றனர். 1928-இல் அமெரிக்காவில் விங்கார்டு என்பவர், வளையப்புள்ளி நோய் கண்ட புகையிலைச் செடியில், கீழ் இலைகள் நோயுற்றிருக்க மேலே புதிதாய்த் துளிர்த்த இலைகள் நலமாக இருப்பதைக் குறித்து வைத்தார். கீழே நறுக்கப்பட்ட வைரஸின் துண்டுகள் செய்தியாக மேலே சென்று, துளிரைக் காத்திருந்தன என்பதை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம். ஹவாய்த் தீவில் பப்பாளித் தோட்டங்களை வளையப்புள்ளி வைரஸ் 1992 முதல் அழிக்கத் தொடங்கியபோது, டென்னிஸ் கொன்ஸால்வஸ் என்பவரும் அவர் குழுவினரும் அவ்வைரஸின் மேலுறைக்குரிய மரபணுவைப் பப்பாளியில் புகுத்தி நோயைத் தாங்கும் செடியை உருவாக்கினர். 1998-இல் அது உழவர்க்கு வழங்கப்பட்டது. மேலுறைப் புரதமே செடியைக் காக்கும் என்று முதலில் எண்ணினார்கள். காத்தது புரதமன்று, ஆர்.என்.ஏ.வை நறுக்கும் இந்தப் பழைய காவல்முறையே என்பது பிற்பாடு விளங்கியது. வைரஸ்களும் வாளா இருப்பதில்லை. நறுக்கிய துண்டுகளை ஆர்கோநாட்டிடம் போய்ச் சேராதபடி தாமே பற்றிக்கொள்ளும் புரதங்களை அவற்றுட் பல வைத்திருக்கின்றன.

மனைவியின் படத்தில் படர்ந்த பூஞ்சாளம்

நம் உடலின் போக்கு வேறு என்றோம். நீளமான இரட்டை இழையைக் கண்டால் நம் உயிரணுக்கள் ஒரு மரபணுவை மட்டும் அடக்குவதோடு நிற்பதில்லை. ஊருக்கே தண்டோரா போடுகின்றன. தறிகளெல்லாம் நிறுத்தப்படுகின்றன, இன்டர்ஃபெரான் என்னும் புரதம் வெளிப்பட்டு அண்டையிலுள்ள உயிரணுக்களை எச்சரிக்கிறது. இன்டர்ஃபெரானை 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்தனர். ஆனால் அதனைத் தூண்டுவது எது என்பது வேறொரு திசையிலிருந்து வந்த செய்தி.

ரிச்சர்டு ஷோப் என்னும் அமெரிக்க அறிஞர் இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் பணியாற்றினார். அங்குள்ள ஈரக்காற்றில், அவர் வைத்திருந்த மனைவியின் புகைப்பட உறையின்மேல் பூஞ்சாளம் படர்ந்தது. வேறொருவராயின் துடைத்து எறிந்திருப்பார். ஷோப் அதை வளர்த்து, அதிலிருந்து வைரஸ் நோயைத் தடுக்கும் பொருள் ஒன்றை எடுத்து, 1953-இல் வெளியிட்டு, ஹெலன் என்ற மனைவியின் பெயரால் அதற்கு ‘ஹெலனின்’ எனப் பெயரிட்டார். 1967-இல் மெர்க் மருந்து நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் அதனைப் பகுத்து ஆராய்ந்தபோது, இன்டர்ஃபெரானைத் தூண்டியது இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்பது தெரிந்தது. அதுவும் பூஞ்சாளத்துக்குச் சொந்தமானதன்று. பூஞ்சாளத்துக்குள்ளேயே குடியிருந்த ஒரு வைரஸுக்கு உரியது!

தண்டோராவை எழுப்பாமல் ஒரே மரபணுவை மட்டும் மனிதரிடத்தில் அடக்க முடியுமா என்ற கேள்விக்கு, 2001-இல் ஜெர்மனியில் தாமஸ் டுஷ்லும் உடன் உழைத்தவர்களும் வழி கண்டனர். டைஸர் நறுக்கித் தரும் அளவிலேயே, 21 எழுத்துள்ள குட்டை இரட்டை இழையைச் செய்து கொடுத்தால், உயிரணு அதனைத் தன் துண்டு என்றே எண்ணிப் பயன்படுத்திக்கொள்கிறது. இவ்வகை மருந்துகளில் முதலாவது 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நரம்புகளைப் பாழாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு உரியது அது. கெட்ட கொழுப்பைக் குறைக்க, தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டே ஊசியாகப் போடும் மருந்தும் பின்னர் வந்தது.

வயலுக்கு வந்த இரட்டை இழை

இனிப் பருத்திக்குத் திரும்புவோம். காஸிபால் உண்டாவதற்குச் செடியில் ஒரு நொதி வேண்டும். அந்நொதிக்குரிய அட்டையை நறுக்கச் செய்யும் இரட்டை இழையை ரத்தோர் குழுவினர் பருத்தியின் மரபணுத் தொகுதியில் எழுதிவைத்தனர். அதோடு நிற்கவில்லை. விதை முற்றும் காலத்தில் விதைக்குள் மட்டுமே விழித்துக்கொள்ளும் ஒரு திறவுகோலை அதன் முன்னே பொருத்தினர். ஆகவே விதையில் மட்டும் இரட்டை இழை உண்டாகிறது. விதையில் மட்டும் காஸிபால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு குறைகிறது. இலையும் தண்டும் பழையபடி நஞ்சோடு தம்மைக் காத்துக்கொள்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சுரப்பியற்ற பருத்தி தோற்ற இடத்தில் இது நின்றதற்குக் காரணம், எதை அடக்குவது என்பதோடு எங்கே அடக்குவது என்பதையும் தெரிந்து செய்ததுதான். என் கருத்தில் இந்த ஆராய்ச்சித் துறையிலேயே மிகவும் அழகான வேலை இது. அமெரிக்க வேளாண்மைத் துறை 2018-இலும், அந்நாட்டு உணவு மருந்துத் துறை 2019-இலும் இதற்கு இசைவு தந்தன.

காய்ப்புழுவின் கதையும் காஸிபாலோடு பிணைந்ததே. பருத்தியின் நஞ்சு பூச்சிகள் பலவற்றை விரட்டினாலும் காய்ப்புழு அசைந்து கொடுப்பதில்லை. அந்நஞ்சைத் தாங்குவதற்கென அதனிடம் ஒரு நொதி உண்டு. 2007-இல் ஷாங்காய் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அந்த நொதிக்கு எதிரான இரட்டை இழையைத் தம் உடலில் உண்டாக்கும் செடிகளை வளர்த்து, அவற்றின் இலையைப் புழுவுக்குத் தின்னக் கொடுத்தனர். பின்னர் காஸிபால் கலந்த உணவை வைத்தபோது புழுக்கள் வளர்ச்சி குன்றின. புழுவைக் கொல்லவில்லை, அதன் கேடயத்தைப் பிடுங்கிவிட்டுச் செடியின் பழைய நஞ்சையே வேலை செய்யவிட்டனர். அதே ஆண்டில் மான்சான்டோ நிறுவனத்தினர் மக்காச்சோளத்தின் வேரைத் தின்னும் வண்டை இரட்டை இழையால் மடியச் செய்யலாம் எனக் காட்டினர். அவ்வகைச் சோளத்துக்கு 2017-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி கிடைத்தது.

மரபணு மாற்றாமலே, மருந்துபோல் தெளிக்கும் முறையும் உண்டு. உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு எதிரான தெளிப்பு ஒன்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதிவு பெற்றது. தெளித்த இரட்டை இழை வெயிலிலும் மண்ணிலும் விரைவில் சிதைந்துபோகும். இது நன்மையும் தீமையுமாகும். எஞ்சி நின்று கேடு செய்யாது என்பது நன்மை. மழைக்கும் வெயிலுக்கும் நில்லாது என்பது தீமை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக் கழகத்து நீனா மிட்டரும் அவருடைய குழுவினரும், நுண்ணிய களிமண் தகடுகளின்மேல் இரட்டை இழையை ஏற்றித் தெளித்தால் மெல்ல மெல்ல வெளிப்பட்டு, ஒரே தெளிப்பில் 20 நாள் வரை வைரஸிலிருந்து செடியைக் காக்கிறது என 2017-இல் வெளியிட்டனர்.

பூச்சி மருந்துகளால் அல்லலுற்ற நம் உழவர்க்கு இம்முறையில் கவர்ச்சி மிகுதி. ஓர் இனத்தின் எழுத்து வரிசைக்கு மட்டும் பொருந்துமாறு தேர்ந்தெடுத்தால், வண்டு மடியும், தேனீ தப்பும். ஆயினும் தேர்ந்தெடுக்கும் 21 எழுத்துகள் வேறொரு நல்ல பூச்சியிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்த்தாக வேண்டும். நாம் உண்ணும் கீரையிலும் அரிசியிலும் இயல்பாகவே இரட்டை இழைத் துண்டுகள் உண்டு. அவை குடலில் செரித்துப் போகின்றன என்பது ஆறுதல். ஆனால் பூச்சி பழகிக்கொள்ளாது என்று எண்ணியிருந்தோர்க்கு 2018-இல் அதிர்ச்சி காத்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக இரட்டை இழையை ஊட்டி வளர்த்த சோளவேர் வண்டுகளுள் அதனைத் தாங்கும் வழி தோன்றிவிட்டது. எழுத்து வரிசையை மாற்றிக்கொண்டிருந்தால் நாமும் வரிசையை மாற்றி எதிர்த்திருக்கலாம். அவை செய்தது அதுவன்று. குடலின் சுவர் இரட்டை இழை எதையுமே உள்ளே விடாமல் கதவடைத்துக்கொண்டது. ஒன்றைத் தாங்கிய வண்டு எல்லாவற்றையும் தாங்கியது.

பட்டுப்புழுவின் குடல்

பட்டுப்புழு வளர்ப்போர் அஞ்சும் நோய்களில் பால்புழு நோய் முதன்மையானது. தோல் உப்பி, பளபளத்து, தொட்டால் கிழிந்து பால்போன்ற நீர் ஒழுகும். அந்நீர் பட்ட தழையைத் தின்ற புழுவும் மடியும். இதற்குக் காரணமான வைரஸ் டி.என்.ஏ. வகையைச் சேர்ந்ததாயினும், அதுவும் தன் வேலைக்கு ஆர்.என்.ஏ. அட்டைகளையே நம்பியிருக்கிறது. அப்படியானால் அவ்வட்டைகளுக்கு எதிரான இரட்டை இழையை முசுக்கொட்டைத் தழையில் தெளித்துப் புழுவுக்கு ஊட்டிவிடலாமே!

ஊட்டலாம், பலன் இராது. பட்டுப்புழுவின் குடல் கடுங்காரம் நிறைந்தது. இரட்டை இழையைக் கண்டதுண்டமாக்கும் நொதியும் அக்குடல் நீரில் உண்டு. வண்டுகளில் எளிதில் பலிக்கும் முறை, பட்டுப்புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் உறவான அந்துப்பூச்சி இனத்தில் சண்டித்தனம் செய்வதற்கு இது ஒரு காரணம். எனவே ஐதராபாத்திலுள்ள டி.என்.ஏ. கைரேகைப் பதிவு மற்றும் நோயறி மையத்தில் ஜே. நாகராஜுவும் அவர் மாணவர்களும் வேறு வழியை மேற்கொண்டனர். வைரஸின் இன்றியமையாத மரபணுவுக்கு எதிரான இரட்டை இழையைப் புழுவின் முட்டையிலேயே மரபணுவாகப் புகுத்தி, புழு தன் உயிரணுக்களில் அதைத் தானே நூற்றுக்கொள்ளும்படி செய்தனர். 2007-இல் ஒரு மரபணுவைக் குறிவைத்து வந்த முதல் முடிவு ஓரளவே பயன் தந்தது. பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை ஒருங்கே குறிவைத்தபோது புழுக்கள் நோயை நன்றாகத் தாங்கின. அம்முடிவு 2013-இல் வெளியாயிற்று.

பட்டுப்புழுவின் குடலைத் தாக்கும் மற்றொரு வைரஸ் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் ஆனது என்று முன்னே சொன்னோம். அது தந்த பரிசு ஒன்றையும் குறிப்பிடவேண்டும். 1975-இல் ஜப்பானில் மிஷிமா நகரத்து மரபியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபுருயிச்சியும் மியுராவும் இவ்வைரஸை ஆராயும்போது, அது எழுதும் நகல் இழையின் தலையில் ஒரு தொப்பி போன்ற அமைப்பு இருப்பதைக் கண்டனர். நம் உயிரணுக்களின் நகல் இழைகளும் அத்தொப்பியை அணிந்தே தறிக்கூடத்துக்கு வருகின்றன என்பது விரைவில் உறுதியாயிற்று. 2020-க்குப் பின் கோடிக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்ட கொரோனா தடுப்பூசிகளில் ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தவை யாவும் இத்தொப்பியோடுதான் செய்யப்பட்டன. அவற்றைச் செய்கையில் இரட்டை இழை சிறிது கலந்துவிட்டாலும் உடல் தண்டோரா போட்டுத் தறிகளை நிறுத்திவிடும். அதனால் அதைச் சலித்து நீக்கவேண்டும் என்பதை 2011-இல் கேட்டலின் கரிக்கோவும் அவருடன் உழைத்தவர்களும் காட்டியிருந்தனர். பட்டறையில் நோய் என்று நாம் புதைக்கும் புழுவிடமிருந்து இத்தனையும் கிடைத்திருக்கிறது.

இந்தியாவில் வணிக அளவில் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர், 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றே. நஞ்சற்ற விதைப் பருத்தி நம் வயலுக்கு வருவதாயின் அரசின் சோதனைகள் அனைத்தையும் கடந்தே வரவேண்டும். அதற்கு முன்பே சிந்திக்கவேண்டிய ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இப்பருத்தியின் பஞ்சு மற்றப் பஞ்சைப் போன்றதே, வேற்றுமையெல்லாம் விதையில். உணவு மாவுக்குச் செல்லும் விதையும் சாதாரண விதையும் ஒரே அரவை ஆலையில் கலந்துவிட்டால் வேலையெல்லாம் வீண். விதைப்பு முதல் அரவை வரையில் தனியே பிரித்துக் காப்பதற்குச் செலவு உண்டு. அச்செலவை ஏற்பவர் யார், விதைக்குக் கிடைக்கும் கூடுதல் விலை யாருக்கு என்பவை இன்னும் கேட்கப்படாத கேள்விகள். அமெரிக்காவில் பஞ்சரைக்கும் கூலிக்கு ஈடாக விதையை ஆலையே எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். நம் நாட்டிலும் பருத்தியை அப்படியே வியாபாரியிடம் எடைபோட்டுக் கொடுத்துவிடும் உழவர், தம் விதை எந்த ஊர் ஆலைக்குப் போயிற்று என்பதையே அறிவதில்லை.